நூற்றுக்கு எத்தனை? வீட்டுக் கணினி விளையாட்டுகளுக்குப் புள்ளி போட்டவர்களின் கதை

பத்திரிகை அலுவலகமொன்றில் விமர்சனப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு சங்கடம் பழக்கமானது. ஆசிரியபீடத்தில் ஒருவர் புதிய திரைப்படமொன்றைப் பார்த்துவிட்டு வந்து, படம் நன்றாக இல்லை என்று எழுதிவைத்திருப்பார். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியை அந்தப் படத்தின் விளம்பரம் பிடித்திருக்கும். பக்கம் அச்சுக்குப் போவதற்குச் சற்று முன்னர் விளம்பரப் பகுதியிலிருந்து ஒருவர் மாடியேறி வருவார். அவர் சத்தம் போடமாட்டார், கட்டளையும் இடமாட்டார். "கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விமர்சனத்தில் எந்த வரி நிற்கும், எந்த வரி போகும் என்பது அன்று கதிரையில் இருப்பவரின் முதுகெலும்பைப் பொறுத்தது.

விமர்சகன் யாருக்காக வேலை செய்கிறான்? காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் வாசகனுக்கா, அதைவிடப் பெரிய காசு கொடுத்துப் பக்கம் வாங்கும் விளம்பரதாரனுக்கா? இந்தக் கேள்வி பத்திரிகைத் தொழிலைப் போலவே பழையது. இதற்கு நேர்மையாக விடைகாண முயன்ற ஒரு கூட்டத்தாரைப் பற்றியே இங்கு எழுதப்போகிறேன். அவர்கள் இலக்கிய விமர்சகர்களோ நாடகத் திறனாய்வாளர்களோ அல்லர். 1980களில் இங்கிலாந்தில் வீட்டுக் கணினிகளுக்கென வெளிவந்த விளையாட்டுகளை விளையாடிப் பார்த்துப் புள்ளி போட்டவர்கள். அவர்களுட் பலர் அப்போது பாடசாலை மாணவர்கள்.

முதலில் அந்தக் கருவிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். 1981 மார்ச்சில் கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் இசட்எக்ஸ் 81 என்ற சிறிய கணினியை 69 பவுண் 95 பென்சுக்கு விற்பனைக்கு விட்டது. பாகங்களாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்வதென்றால் 49 பவுண் 95 பென்ஸ். அதே ஆண்டு டிசெம்பரில் பி.பி.சி. மைக்ரோ வந்தது. 1982 ஏப்ரலில் சின்கிளேயரின் ஸ்பெக்ட்ரம் அறிமுகமாயிற்று. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண், 48 கிலோபைட் கொண்டது 175 பவுண். அந்த ஆண்டிலேயே அமெரிக்காவில் கொமடோர் 64 வெளியானது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் சாதாரணப் புகைப்படமொன்றுகூட அந்த 48 கிலோபைட்டுக்குள் அடங்காது. ஆனால் அதற்குள் ஓர் உலகத்தையே அடக்கிக் காட்டும் விளையாட்டுகளை இளைஞர்கள் தங்கள் படுக்கையறைகளில் இருந்து எழுதினார்கள்.

பெற்றோர் இக்கருவிகளை வாங்கிக் கொடுத்தது பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் என்ற நம்பிக்கையில். பிள்ளைகள் அவற்றைக் கொண்டு செய்தது பெரும்பாலும் விளையாட்டு. வீட்டு வரவேற்பறையிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டிதான் திரை. பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாக் கருவிதான் விளையாட்டை உட்செலுத்தும் சாதனம். நாடாவைப் போட்டு ஓடவிட்டால், காதைத் துளைக்கும் இரைச்சலுடன் திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் நெளியும். முழு விளையாட்டும் ஏறி முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் செல்லும். நாலாவது நிமிடத்தில் "ஆர் ரேப் லோடிங் எரர்" என்ற வாசகம் திரையின் அடியில் தோன்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இந்த ஐந்து நிமிடந்தான் நம் கதைக்கு மூலகாரணம். இசைத்தட்டு வாங்கப் போனவர் கடையில் போட்டுக் கேட்கலாம். புத்தகம் வாங்கப் போனவர் நாலு பக்கம் புரட்டிப் பார்க்கலாம். விளையாட்டு நாடாவை அப்படிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. டபிள்யூ. எச். ஸ்மித், பூட்ஸ் போன்ற பெரிய கடைகளில் நாடாக்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஐந்து நிமிடம் செலவிட்டு ஏற்றிக்காட்ட எந்தக் கடைக்காரரால் முடியும்? ஆகவே வாங்குபவனுக்குத் தெரிவது அட்டைப்படம் மட்டுமே. அட்டையில் விண்கலங்கள் வெடித்துச் சிதறும். வாளேந்திய வீரன் பறக்கும் நாகத்தோடு பொருதுவான். வீட்டுக்குக் கொண்டுபோய் ஏற்றிப் பார்த்தால், நாலு சதுரங்கள் அங்கும் இங்கும் ஓடும். 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஒரு நாடாவின் விலை ஐந்தரை, ஆறு பவுண் அளவில் இருந்தது. பத்திரிகை போட்டும் கார் கழுவியும் காசு சேர்க்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது பல வாரச் சேமிப்பு.

விளம்பரங்களை நம்பலாமா என்றால், அதுவும் முடியாது. லிவர்பூலில் இமேஜின் என்றொரு நிறுவனம் இருந்தது. 1984இல் அது பான்டர்ஸ்னாட்ச் என்ற பெருவிளையாட்டு வரப்போவதாகப் பெரும் விளம்பரங்கள் செய்தது. விளம்பரத்தில் விளையாட்டின் படம் இல்லை. அதை எழுதிக்கொண்டிருந்த நிரலாளர்களின் புகைப்படமே இருந்தது. விளையாட்டு கடைசிவரை வரவில்லை. அவ்வாண்டு யூலையில் நிறுவனம் முறிந்தது. அதன் வெற்றிக்கதையைப் படமாக்கவென்று வந்திருந்த பி.பி.சி. தொலைக்காட்சிக் குழுவினர், கடன்காரர் சார்பில் வந்தவர்கள் அலுவலகத்துள் நுழைவதைப் படமாக்க நேர்ந்தது. வேறு சில நிறுவனங்கள் கொமடோரில் எடுத்த அழகான திரைப்படங்களை விளம்பரத்தில் போட்டு, அதே விளையாட்டின் ஸ்பெக்ட்ரம் வடிவத்தை விற்றன. இரு கருவிகளும் ஒன்றல்ல. ஸ்பெக்ட்ரத்தின் திரையில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இரண்டு வர்ணங்களுக்கே இடமுண்டு. ஓர் உருவம் இன்னோர் உருவத்தைக் கடந்தால் ஒன்றின் வர்ணம் மற்றதில் அப்பிக்கொள்ளும்.

இத்தகைய சந்தையில் வாங்குபவனுக்குத் துணை யார்? தொடக்கத்தில் ஒருவருமில்லை என்றே சொல்லலாம். 1970களின் இறுதியில் வெளிவந்துகொண்டிருந்த கணினிச் சஞ்சிகைகள் பொறியியலாளர்களுக்கும் பொழுதுபோக்குக்காக மின்னணுக் கருவிகளைக் கட்டுபவர்களுக்குமானவை. அவற்றில் விளையாட்டுக்கு இடங்கொடுத்தால் அது ஒரு பத்தியைத் தாண்டாது. அந்தப் பத்தியும் நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைச் சொல்லுமேயன்றி, அதில் சுவை உண்டா என்று சொல்லாது. அமெரிக்காவில் ஆர்னி காட்ஸ், பில் குங்கல் ஆகிய இருவரும் வீடியோ என்ற சஞ்சிகையில் ஆர்கேட் ஆலி என்ற பத்தியை எழுதி, இத்துறைக்கென ஒரு விமர்சன மொழியை உண்டாக்கத் தொடங்கியிருந்தனர். அவர்களே ஜோய்ஸ் வோர்லியுடன் சேர்ந்து 1981இல் எலெக்ட்ரோனிக் கேம்ஸ் என்ற சஞ்சிகையைத் தொடக்கினர். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானியாவில் கொம்பியூட்டர் அன்ட் வீடியோ கேம்ஸ் வெளிவந்தது. அவர்கள் வழி திறந்தவர்கள். ஆனால் விமர்சனத்தையே சஞ்சிகையின் உயிராக வைத்துக்கொண்டவர்கள் வேறொரு மூலையிலிருந்து வந்தார்கள்.

இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் எல்லைக்கு அருகில் லட்லோ என்றொரு பழைய பட்டணம் இருக்கிறது. கோட்டையும் வாரச்சந்தையும் உள்ள அமைதியான ஊர். அங்கு ரொஜர் கீன் என்பவரும், சுவிற்சர்லாந்தில் பிறந்த ஒலிவர் ஃபிரே, பிராங்கோ ஃபிரே என்ற சகோதரர்களும் 1983இல் தபால்மூலம் விளையாட்டு நாடாக்களை விற்கும் தொழிலைத் தொடங்கினார்கள். ஒலிவர் ஃபிரே ஓவியர். 1978இல் வெளிவந்த சுப்பர்மேன் திரைப்படத்தின் தொடக்கத்தில் வரும் சித்திரக்கதைப் பக்கங்கள் அவர் வரைந்தவை. வாடிக்கையாளருக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் வெறும் பெயரையும் விலையையும் போட்டால் போதாது, ஒவ்வொரு விளையாட்டும் எப்படிப்பட்டது என்றும் சொல்லவேண்டும் என்று இவர்கள் எண்ணினார்கள். அதற்காக உள்ளூர்ப் பாடசாலை மாணவர்களைக் கூப்பிட்டு விளையாடச் செய்து, அவர்கள் சொன்னதை எழுதினார்கள். அந்தப் பட்டியலே வளர்ந்து 1984 பெப்ரவரி இதழோடு கிராஷ் என்ற மாதச் சஞ்சிகையாயிற்று. நிறுவனத்தின் பெயர் நியூஸ்ஃபீல்ட்.

பொருளை விற்பவனே அதைப் பற்றி உண்மை பேசத் தொடங்கியதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆனால் அதில் ஒரு நியாயமும் உண்டு. கடைத்தெருவில் கண்காணாதவனுக்கு ஒருமுறை விற்றுவிட்டு ஓடலாம். தபால்மூலம் விற்பவன் அடுத்த மாதமும் அதே முகவரியிலிருந்து கட்டளை வரவேண்டுமென்று காத்திருப்பவன்.

கிராஷ் விமர்சனத்தின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முதலில் விளையாட்டின் கதையும் போக்கும் விவரிக்கப்படும். அதில் கருத்துச் சொல்லப்படாது. அதன்பின் மூன்று பேரின் கருத்துகள் தனித்தனியே வரும். மூவரும் ஒத்துப்போக வேண்டுமென்ற நியதி இல்லை. ஒருவர் "இரவு முழுதும் விளையாடினேன்" என்பார். அடுத்தவர் "பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது" என்பார். இருவர் சொன்னதும் அப்படியே அச்சாகும். அதற்கும் கீழே ஒரு சிறு பெட்டி. எந்த விசைகளை அழுத்தவேண்டும், எந்த ஜொய்ஸ்டிக் பொருந்தும், வர்ணம் எப்படி, ஒலி எப்படி, எத்தனை உயிர்கள், எத்தனை திரைகள் என்ற விவரங்கள் அதிலிருக்கும். கடைசியாகப் புள்ளிகள்: கணினியைப் பயன்படுத்திய திறம், வரைபடம், விளையாடும் தன்மை, தொடங்குவதற்கான எளிமை, விடாமற் பிடித்திழுக்கும் தன்மை, கொடுத்த காசுக்குப் பெறுமதி, மொத்தம் என ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று போடப்படும். மொத்தம் தொண்ணூறைத் தாண்டியவற்றுக்குக் கிராஷ் ஸ்மாஷ் என்ற பட்டம் கிடைக்கும்.

இன்று பார்த்தால் இது வெறும் பரீட்சைத்தாள் போலத் தோன்றலாம். ஒரு விளையாட்டின் சுவையை நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று எப்படி அளப்பது? தொண்ணூற்றொன்றுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் என்ன வேறுபாடு? கேட்கவேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அதை வாசித்தவன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மாணவன் என்பதை மறக்கக்கூடாது. புள்ளி என்பது அவனுக்கு விளக்கம் தேவையில்லாத மொழி. அதைவிட முக்கியமானது, "காசுக்குப் பெறுமதி" என்ற தலைப்பு. அதை நாடக விமர்சனத்திலோ நூல் மதிப்புரையிலோ நான் கண்டதில்லை. நாம் நூல் நல்லதா கெட்டதா என்று எழுதுவோம். அதை வாங்குபவனின் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. 1984இல் அல்ரிமேட் நிறுவனம் தனது சேபர் வுல்ஃப் என்ற விளையாட்டின் விலையை ஒரேயடியாக 9 பவுண் 95 பென்சாக உயர்த்தியபோதும், மாஸ்டர்ரொனிக் நிறுவனம் 1 பவுண் 99 பென்சுக்கு நாடாக்களை விற்கத் தொடங்கியபோதும், அந்தத் தலைப்பின் அவசியம் எல்லோருக்கும் விளங்கிற்று.

மூன்று கருத்துகளின் கீழும் ஆரம்பத்தில் பெயர் இருக்கவில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளில் நெடுங்காலம் நிலவிய பெயரில்லா விமர்சன மரபை அறிந்தோ அறியாமலோ அவர்கள் பின்பற்றியிருந்தார்கள். பெயரில்லாதவிடத்து நண்பனுக்காக எழுதவும் வேண்டியதில்லை, பகைவனுக்கு அஞ்சவும் வேண்டியதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். அதே சஞ்சிகையில் வாசகர் கடிதங்களுக்குப் பதிலெழுதிய லொய்ட் மாங்கிரம் என்பவர் உண்மையில் இல்லாதவர். ஆசிரியபீடம் படைத்த புனைபாத்திரம். காகிதப் பையால் முகத்தை மூடிய மனிதராக அவரைக் காட்டினார்கள். அவருக்கும் கடிதங்கள் குவிந்தன.

அதே நிறுவனம் 1985இல் கொமடோர் 64க்கென ஸாப் 64 என்ற சஞ்சிகையைத் தொடங்கியபோது நேரெதிரான வழியைத் தேர்ந்தது. ஒவ்வொரு விமர்சகருக்கும் ஒலிவர் ஃபிரே முகச்சித்திரம் வரைந்தார். விளையாட்டுப் பிடித்திருந்தால் அந்த முகம் வாயைப் பிளந்து மகிழும், பிடிக்காவிட்டால் முகஞ்சுளிக்கும். எழுத்தை வாசிக்கமுன்னரே தீர்ப்புத் தெரிந்துவிடும். ஜூலியன் றிக்னல், கரி பென் ஆகியோர் விளையாட்டுப் போட்டிகளில் பெயர் பெற்றுப் பின் விமர்சகரானவர்கள். வாசகர்கள் நாளடைவில் அவர்களின் ருசியை அறிந்துகொண்டார்கள். இவர் சுடும் விளையாட்டுகளை விரும்புபவர், அவர் சொன்னால் எனக்கும் ஒத்துப்போகும் என்று கணக்குப் பார்த்தார்கள். பெயரை மறைத்துச் சுதந்திரம் பெறுவது ஒரு வழி. பெயரை வெளியிட்டுப் பொறுப்பேற்பது இன்னொரு வழி. ஒரே அலுவலகத்தில் இரண்டையும் பரீட்சித்தார்கள். ஸாப் 64இன் முதல் ஆசிரியர் கிறிஸ் அன்டர்சன். அவர் விரைவில் விலகி 1985இல் பியூச்சர் என்ற பதிப்பகத்தை நிறுவினார். பிற்காலத்தில் டெட் சொற்பொழிவுகளின் தலைவராக உலகம் அறிந்தவர் அவரே.

வேலை நாம் நினைப்பதைவிடக் கடினமானது. திரைப்பட விமர்சகர் இரண்டரை மணித்தியாலத்தில் படத்தை முடித்துவிடுவார். விளையாட்டு அப்படியல்ல. திறமையில்லாதவனுக்கு அது தன் இரண்டாவது அறையையே காட்டாது. மூன்று உயிர்களையும் முதல் நிமிடத்தில் இழந்தவன் எதைப் பற்றி எழுதுவது? அதனாற்றான் மாணவர்கள் பொருத்தமானவர்களாக இருந்தார்கள். விரல் வேகமும் பொறுமையும் நேரமும் அவர்களிடம் இருந்தன. திரையில் தோன்றுவதைப் பக்கத்தில் போடுவதற்கு, அறையை இருட்டாக்கிக் கமராவைத் தொலைக்காட்சிக் கண்ணாடிக்கு முன் நிறுத்திப் புகைப்படம் எடுப்பார்கள். நல்ல காட்சி தோன்றும் கணத்தில் ஒருவர் விளையாட்டை நிறுத்தவேண்டும், மற்றவர் படமெடுக்கவேண்டும்.

இத்தனை செய்தும் தவறினார்கள். 1984இல் மத்தியூ சிமித் எழுதி சொஃப்ட்வெயார் புரொஜெக்ட்ஸ் வெளியிட்ட ஜெட் செற் வில்லி பெரும் பாராட்டைப் பெற்றது. அவருடைய முந்தைய மானிக் மைனரால் பித்துப்பிடித்திருந்த உலகம் இதையும் கொண்டாடியது. முதலில் முடிப்பவருக்கு ஷம்பெயினும் ஹெலிகொப்டர் பயணமும் பரிசென்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த விளையாட்டை முடிக்கவே முடியாது என்பதை விமர்சகர்கள் கண்டிருக்கவில்லை. மாளிகையின் மேல்மாடத்துக்குள் ஒருமுறை போய்விட்டால், நிரலிலுள்ள தவறொன்று நினைவகத்தின் வேறு பகுதிகளை அழித்துவிடும். பின்னர் வேறு சில அறைகளுக்குள் நுழைந்தவுடனேயே வில்லி செத்துப்போவான். அவ்வறைகளில் நச்சுவாயு நிரம்பியிருப்பதாகவும், அது வேண்டுமென்றே வைக்கப்பட்டதென்றும் வெளியீட்டாளர் முதலில் சமாளித்தனர். வாசகர்கள் விடவில்லை. நிரலைப் பிரித்துப் படித்தவர்கள் தவறுகளைக் கண்டுபிடித்தார்கள். திருத்துவதற்கு இடவேண்டிய எண்களைச் சஞ்சிகைகள் வெளியிட்டன. விமர்சகன் தவறவிட்டதை வாசகன் பிடித்தான். சஞ்சிகை அதற்கு இடங்கொடுத்தது. ஒரு விமர்சனப் பக்கத்தின் தரத்தை அறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அதே ஆண்டு செப்டெம்பரில் பி.பி.சி. மைக்ரோவுக்கு டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரு கேம்பிரிஜ் மாணவர்கள் எழுதிய எலீட் வெளியானது. எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஆக 2,048 கோள்களிடையே வணிகம் செய்தும் போரிட்டும் திரியலாம். அதில் மூன்று உயிர்களில்லை; வென்று முடிக்கும் கடைசித் திரையுமில்லை. பழைய பெட்டியில் "திரைகள் எத்தனை" என்ற இடத்தில் எதை எழுதுவது? அளவுகோலுக்கு அடங்காத படைப்பு வரும்போது அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுதத் தெரியவேண்டும். இந்த விளையாட்டைப் பற்றி எழுதியவர்கள் தம் பயணங்களையே கதையாகச் சொல்ல நேர்ந்தது. கணினி விளையாட்டு விமர்சனம் அளப்பதிலிருந்து அனுபவம் சொல்வதற்கு நகர்ந்த தருணங்களுள் அது ஒன்று.

நேர்மைக்கு உண்மையான சோதனை 1986இல் வந்தது. மெக்சிக்கோவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம். யு.எஸ். கோல்ட் என்ற பெரிய நிறுவனம் அதிகாரபூர்வ உரிமத்தைப் பெற்று வேர்ல்ட் கப் கார்னிவல் என்ற பெயரில் விளையாட்டு வெளியிடுவதாக அறிவித்திருந்தது. உரியகாலத்தில் விளையாட்டு தயாராகவில்லை. ஆட்டிக் என்ற சிறு நிறுவனம் 1984இல் வெளியிட்டிருந்த பழைய உதைபந்தாட்ட விளையாட்டொன்றை வாங்கி, மேலோட்டமான மாற்றங்கள் செய்து, பெரிய பெட்டியிலிட்டு, சுவரிலொட்டும் போட்டி அட்டவணை முதலிய சில்லறைப் பொருள்களையும் சேர்த்து ஏறத்தாழ பத்துப் பவுணுக்கு விற்றார்கள்.

அந்த நிறுவனம் சஞ்சிகைகளில் முழுப்பக்க வர்ண விளம்பரங்களைத் தொடர்ந்து கொடுத்துவந்த நிறுவனம். மாடியேறி வரும் விளம்பரப் பகுதிக்காரரை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் விமர்சகர்கள் பழைய சரக்கை அடையாளங்கண்டார்கள். இது எது என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். படுமோசமான புள்ளிகளைக் கொடுத்தார்கள். இன்றும் அந்தக் கால விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் இதை ஏமாற்றுக்கு உதாரணமாகவே சொல்கிறார்கள். பழைய விளையாட்டை விளையாடி ஞாபகம் வைத்திருந்தவன் இருந்ததால்தான் அது பிடிபட்டது. விமர்சகனுக்கு ருசி மாத்திரம் போதாது, ஞாபகசக்தியும் வேண்டும்.

ஆனால் இக்கதையை வெற்றிக்கதையாக முடித்துவிட முடியாது. கிராஷ் 1986 அளவில் மாதம் 100,000 பிரதிகளைத் தாண்டி விற்றது. அவ்வளவு பேர் வாசிக்கும் புள்ளிக்குச் சந்தையில் விலை உண்டாகிவிடுகிறது. தொண்ணூறு பெற்ற விளையாட்டின் விளம்பரத்தில் அடுத்த மாதம் அந்தப் பட்டமே முத்திரையாக நின்றது. சஞ்சிகைகள் பெருகி ஒன்றோடொன்று போட்டியிட்டன. முதல் விமர்சனம் யாருக்கு என்ற போட்டியில், முடிவடையாத பிரதியைக் கொண்டு முழு விமர்சனம் எழுதும் பழக்கம் புகுந்தது. அட்டைப்படம் ஒரு விளையாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டபின் உள்ளே அதை மோசமென்று எழுதுவது எளிதல்ல. மெல்ல மெல்லப் புள்ளிகள் மேலேறின. எழுபது என்றால் பரவாயில்லை என்பதல்ல, வாங்காதே என்பதே பொருள் என்று வாசகர்கள் தாமாகவே படித்துக்கொண்டார்கள். நூறு படிகள் கொண்ட ஏணியில் கடைசி முப்பது படிகளில் மட்டும் எல்லோரும் நின்றார்கள்.

இதை எதிர்த்தவர்களும் இருந்தனர். 1991இல் பியூச்சர் பதிப்பகம் தொடங்கிய அமீகா பவர் என்ற சஞ்சிகை, ஐம்பது என்றால் சாதாரணம் என்றே நாங்கள் கொள்வோம், ஏணியின் எல்லாப் படிகளையும் பயன்படுத்துவோம் என்று கொள்கையாக அறிவித்து நடந்தது. முப்பதும் நாற்பதும் பெற்ற நிறுவனங்கள் கோபங்கொண்டன. டீம் 17 என்ற நிறுவனம் விமர்சனத்துக்குப் பிரதிகள் அனுப்புவதையே நிறுத்தியது. சஞ்சிகை வளைந்துகொடுக்காமல் 1996வரை வெளிவந்து நின்றது. அது நின்றதற்கு அந்தக் கோபம் காரணமல்ல. அமீகா என்ற கணினியின் காலமே அப்போது முடிந்துவிட்டது.

லட்லோவின் காலம் அதற்கு முன்னரே முடிந்திருந்தது. 1991இல் நியூஸ்ஃபீல்ட் நிறுவனம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. கிராஷ் வேறு கைக்கு மாறி 1992 ஏப்ரல் இதழோடு நின்றது. ஒலிவர் ஃபிரே 2022இலும் ரொஜர் கீன் 2023இலும் காலமானார்கள்.

ஆனால் அவர்கள் போட்ட புள்ளி சாகவில்லை. 2001இல் தொடங்கிய மெற்றாகிரிற்றிக் என்ற இணையத்தளம் பல விமர்சகர்களின் மதிப்பீடுகளை எடுத்து, நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாகச் சுருக்கித் தருகிறது. 2010இல் ஒப்சிடியன் என்ற நிறுவனம் ஃபோலவுட்: நியூ வேகாஸ் என்ற விளையாட்டை உருவாக்கியது. அத்தளத்தில் 85 புள்ளி பெற்றால் மேலதிகக் கொடுப்பனவு உண்டென்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. கொடுப்பனவு கிடைக்கவில்லை என்பதை 2012இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் வெளிப்படையாகச் சொன்னார். பையன் ஒருவனின் ஆறு பவுணைக் காப்பாற்றுவதற்காக உண்டான எண், முப்பது ஆண்டுகளுக்குள் தொழிலாளியின் ஊதியத்தை நிறுக்கும் தராசாகிவிட்டது. 84ஐயும் 85ஐயும் பிரிப்பது எது என்று எந்த விமர்சகரைக் கேட்டாலும் அவரால் சொல்லமுடியாது. எண்ணைச் சுற்றியிருந்த மூன்று கருத்துகளையும் உரித்தெடுத்துவிட்டு எண்ணை மாத்திரம் வைத்துக்கொண்டதன் விளைவு இது. கிராஷின் பக்கத்தில் எண் தனியே நின்றதில்லை. அதன் மேலே, "எனக்குப் பிடித்தது" என்றும் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றும் காரணங்களோடு மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைய ஒலிநாடாக்கள் பல காந்தமிழந்து ஓடமறுக்கின்றன. அவற்றிலிருந்த நிரல்களை ஆர்வலர்கள் இணையச் சேமகங்களில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சஞ்சிகைகளின் பழைய இதழ்களும் பக்கம் பக்கமாகப் படியெடுக்கப்பட்டு அங்கே கிடைக்கின்றன. நிரலை இன்று ஓட்டிப் பார்ப்பவனுக்கு விளையாட்டுக் கிடைக்கும். 1984ஆம் ஆண்டின் வியப்போ எரிச்சலோ கிடைக்காது. எது புதுமையாக இருந்தது, எது ஏமாற்றமாக இருந்தது, ஆறு பவுண் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை அறிய அந்த விமர்சனங்களிடமே போகவேண்டியிருக்கிறது. ஒரு மாதத்துக்குமேல் ஆயுளில்லை என்று நினைத்து எழுதியவை இன்று வரலாற்று ஆவணங்களாகிவிட்டன.

விமர்சனம் எழுதவரும் இளையவர்கள் என்னிடம் என்ன வாசிக்கவேண்டும் என்று கேட்பதுண்டு. பெரிய திறனாய்வாளர்களின் பெயர்களைச் சொல்வேன். அதோடு, கிராஷின் பழைய இதழொன்றை எடுத்து, யாரும் மதிக்காத ஒரு சாதாரண விளையாட்டின் விமர்சனத்தையும் பாருங்கள் என்பேன். தான் ஒருபோதும் காணப்போகாத ஒருவனின் கைச்செலவுக்காசு வீணாகிவிடக்கூடாதே என்ற அக்கறையில் ஒரு பாடசாலைப் பையன் அதை எழுதியிருப்பான். மாடியேறி யார் வந்தாலும் அந்த அக்கறை கையில் இருந்தால் வரியை வெட்டத் தேவையில்லை.